கட்டாயக் கடலை

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்படுகிறீர்கள் சம்பந்தி? பக்கத்தில் வையுங்கள். பின்சீட்டு முழுக்க உங்களுக்குத்தான். நான் முன்னாலிருந்து இப்படித் திரும்பித் திரும்பிப் பேசுவேன், தப்பாக நினைக்கக் கூடாது. முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பேச வராது. முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், எதிராளி மனசில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். இப்போது உங்கள் மனசில் என்ன ஓடுகிறது, சொல்லட்டுமா? ‘இந்த அம்மாவா ஓட்டப்போகிறார்? வீடு போய்ச் சேருவோமா?’ சரிதானே?

என்ன சுகுணா? பெல்ட்டா? போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். திரும்பும்போது கழுத்தை அறுக்கிறது, கொஞ்சம் தளர்த்தினேன். சரி, இறுக்கிவிட்டேன், போ.

பயப்படாதீர்கள் சம்பந்தி, நன்றாக ஓட்டுவாள். ஜங்ஷனிலிருந்து திருவானைக்கோவில் போய்ச் சேர இந்த நெரிசலில் நேரமாகும். அதற்குள் இந்தக் கார் எப்படி வந்தது என்று சொல்லி முடித்துவிடுவேன். அடுத்த மாதம் உங்கள் பெண் எங்கள் வீட்டுக்கு வரப்போகிறாள். குடும்பத்தில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மகன் ஏதாவது சொல்லியிருப்பான். நம்பாதீர்கள். அவன் அம்மா பக்கம். நான் புள்ளியியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் பக்கமும் சாயாமல் சொல்வேன். செய்தி வாசிக்கிற மாதிரி பேசுகிறேன் என்று சுகுணா கேலி செய்வாள். செய்தி என்றால் செய்தி மாதிரிதானே சொல்ல வேண்டும்?

தலைப்புச் செய்தி: இது சூதாட்டத்தில் வந்த கார்.

பாருங்கள், முகம் மாறிவிட்டது! பணம் கிடையாது சம்பந்தி. ஒரு பைசா கிடையாது. கொண்டைக்கடலை வைத்து ஆடினோம்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் அடுக்குமாடியில் கட்டடத்துக்குக் கீழே, லிப்டுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு கார் நிறுத்தும் இடம் இருக்கிறது. நிழல், மழை படாது, லிப்டிலிருந்து இறங்கினால் நாலு எட்டு. அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூர் போனார். வாங்கினவர்களிடம் வண்டியே கிடையாது. இடத்தைச் சங்கத்துக்கே விட்டுவிட்டார்கள். யாருக்குக் கொடுப்பது? கூரைக்குக் கீழே இடமில்லாத வீடு ஒன்பது. ஒன்பது பேரும் அதுவரை தீபாவளிக்கு ஒருவருக்கொருவர் பலகாரம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். அந்த வருஷம் ஒரு முறுக்குகூடக் கைமாறவில்லை.

எனக்கு அந்த இடம் எதற்கு? என் பச்சைக் காருக்கு. என் முதல் கார், ஒரே கார். ஓடாது. ஓடாது என்றதும் சிரிக்கிறீர்கள். நூலகம் ஓடுகிறதா? தினமும் காலையில் பேப்பரும் புத்தகமும் எடுத்துக்கொண்டு போய் அதில் உட்காருவேன். கதவைச் சாத்தினால் சத்தம் கேட்காது. தொலைபேசி கேட்காது, மிக்ஸி கேட்காது, ‘வெங்காயம் வாங்கினீங்களா’ கேட்காது. இந்த உலகத்தில் எனக்கு என்று இருந்த ஒரே அறை அது. அது மதில் ஓரமாக வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அந்த மதில் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டப்போகிறோம், வண்டியை எடுங்கள் என்றார் எங்கள் சங்கச் செயலாளர் இருதயராஜ். எங்கே எடுப்பது? லிப்ட் பக்கத்து இடம் கிடைத்தால் அங்கே. கிடைக்காவிட்டால் காயலான் கடைக்கு. வேறு வழி இல்லை. ஆக, என்னைப் பொறுத்தவரை அது இடம் பற்றிய விஷயம் இல்லை, ஓர் உயிர் பற்றிய விஷயம்.

சுகுணாவும் போட்டியில் இருந்தாள். எப்படி என்று கேட்பீர்கள். மூன்றாவது மாடியில் அவள் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கினாள். வேண்டாம் என்று நான் காரணங்களோடு எடுத்துச் சொன்னேன். வாங்கினாள். இப்போது நல்ல வாடகை வருகிறது, அது வேறு விஷயம். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் என்பது விதி. எங்கள் வீட்டுக்கு நான், அவள் வீட்டுக்கு அவள்.

“இடம் கிடைச்சா நான் ஒரு கார் வாங்கப்போறேன்” என்றாள்.

“யார் ஓட்டுறது?”

“பார்க்கலாம்.”

அவ்வளவுதான் பேச்சு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொழுதுபோகாமல் சேருகிறாள் என்று நினைத்தேன்.

முதலில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். இருதயராஜ் வீட்டுப் பெயர் வந்தது. குலுக்கியவர் இருதயராஜ். கூச்சல். மறுபடி குலுக்கு என்றார்கள். வேறு ஆள் குலுக்கினார். மறுபடியும் இருதயராஜ்! ஒன்பதில் ஒரு பங்கு வாய்ப்பு இரண்டாவது தடவையும் இருக்கத்தானே செய்கிறது என்று நான் ஒருவன்தான் அவருக்காகப் பேசினேன். அதனால் என்னையும் சேர்த்துத் திட்டினார்கள். அப்போதுதான் சொன்னேன்: “அதிர்ஷ்டம் வேண்டாம். திறமையை வைத்து முடிவு செய்வோம். போக்கர் ஆடுவோம்.”

“குடும்பங்க இருக்கிற இடத்துல சீட்டாட்டமா சார்?” என்று ஒரு அம்மா எழுந்தார்.

“இது மூணு சீட்டு இல்லைம்மா. இது நிகழ்தகவு” என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். சில சொற்களுக்கு அப்படி ஒரு கனம் உண்டு.

உங்களிடம் மறைப்பானேன்? நான்தான் ஜெயிப்பேன் என்று எனக்குத் தெரியும். போக்கர் பற்றிக் கனமான புத்தகங்கள் மூன்று வாங்கி, பச்சைக் காரில் உட்கார்ந்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தவன் நான். ஆடியதில்லை. ஆனால் படித்திருக்கிறேன். மற்றவர்களில் பெரும்பாலோர் இரண்டும் செய்ததில்லை.

ஆட்டம் சுலபம். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, மூடி வைத்தது. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து யாரிடம் உசத்தி என்பதுதான் கேள்வி. இடையில் கடலையைப் போட்டுப் போட்டு மிரட்டலாம். மிரண்டவர் சீட்டை மடக்கிவிட்டால், மிரட்டியவர் கையில் என்ன இருந்தது என்று காட்ட வேண்டியதே இல்லை. அங்கேதான் இருக்கிறது அழகு. இருப்பதை எல்லாம் ஒரே தடவையில் போடலாம். நாங்கள் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டில் கடலை கொடுத்திருந்தோம். கறுப்புக் கடலை ஒன்று, வெள்ளைக் கடலை பத்துக்குச் சமம். எல்லாவற்றையும் போடுவதென்றால் தட்டை அப்படியே நடுவில் கவிழ்க்க வேண்டும். சடசடசடவென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள்! அந்தச் சத்தத்துக்கே பாதிப் பேர் மடக்கிவிடுவார்கள்.

ஆட்டம் தேங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கொஞ்சம் போட்டாக வேண்டும். அந்த முறை எல்லாரையும் சுற்றி வரும். அதற்குக் கட்டாயக் கடலை என்று பெயர் வைத்தேன். நேரம் போகப் போக அது கூடும்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது சம்பந்தி. கவனமாகக் கேளுங்கள். ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது பொறுமையாக இருக்கலாம். கட்டாயக் கடலை எப்போதாவதுதான் உங்களிடம் வரும். நல்ல சீட்டுக்குக் காத்திருக்கலாம். மூன்று பேர் ஆனதும் கதை மாறுகிறது. மூச்சு விடுவதற்குள் உங்கள் முறை வந்துவிடும். காத்திருக்கிறவன் தட்டு, உட்கார்ந்த இடத்திலேயே காலியாகும். அப்போது சுமாரான சீட்டு வந்தாலும் துணிந்து போட வேண்டும். சீட்டே இல்லாவிட்டாலும் இருக்கிற மாதிரி போட வேண்டும். ஆள் குறையக் குறைய சீட்டைப் பார்க்காதே, ஆளைப் பார். புத்தகத்தில் இதற்கென்றே இருக்கிற ஒரு முழு அத்தியாயத்தின் சாரம் இதுதான். மூன்று தடவை படித்தேன்.

ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சுகுணாவுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தேன். போட்டியாளர்தான், ஆனாலும் மனைவி. அவமானப்பட்டுவிடக் கூடாது. அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அப்போ கையில ஒண்ணும் இல்லாட்டியும் இருக்கிற மாதிரி போடணும்?”

“ஆமாம்.”

“எதிர்ல இருக்கிறவர் நம்பிட்டா?”

“மடக்கிவிடுவார். கடலை உனக்கு.”

“நம்பலைன்னா?”

“எல்லாம் போய்விடும். அதனால், நம்புகிற ஆளாகப் பார்த்து மிரட்ட வேண்டும்.”

“ஓஹோ” என்றாள். பீன்ஸில் நார் எடுத்தாள். அவள் மண்டையில் ஏறியதாகவே எனக்குத் தோன்றவில்லை. “உனக்கு இது வராது சுகுணா. உனக்குப் பொய் சொல்லத் தெரியாது. நீ நல்ல சீட்டுக்கே காத்திரு” என்று சொன்னேன். “சரிங்க” என்றாள்.

உண்மையிலேயே அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது சம்பந்தி. கல்யாணமான புதிதில் ஒருநாள் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். மேலதிகாரி போன் செய்தார். இவள் எடுத்தாள். “அவர் மாவு அரைச்சிட்டிருக்கார் சார், கூப்பிடட்டுமா?” என்றாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இவள் வாயிலிருந்து வருவது எல்லாம் உண்மை.

அட, கார் ஓட்டப் பழகியதைக் கேட்கிறீர்களா? அதுவும் பொய் இல்லை. விடியற்காலையில் வாக்கிங் போகிறேன் என்று மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தாள். பிறகு பார்த்தால் டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். ஆனால் அந்த ஸ்கூலுக்கு நடந்துதானே போனாள்? வாக்கிங்தானே? நன்றாக யோசித்துப் பாருங்கள், சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

பாலக்கரை தாண்டிவிட்டோமா? நல்லது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து சங்க அறையில் உட்கார்ந்தோம். சீட்டுப் போட்டவர் முதல் மாடி டாக்டர் ஹசீனா. குழந்தை வைத்தியர். அவருக்கு ஏற்கனவே இடம் இருந்தது, அதனால் நடுநிலை. ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருவன், செல்போனில் இதையே ஆடிக்கொண்டிருப்பவன், முதலில் போனான். ஒரு பெரியவர் கடலையைப் பல்லில் போட்டுக் கடித்துவிட்டு அதற்காகவே விலக்கப்பட்டார். தேநீர் வந்த நேரத்தில் மிச்சம் மூன்று பேர். நான், சுகுணா, இருதயராஜ்.

இருதயராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொன்மலைக்காரர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பெட்டியில் ஏறினதுமே டிக்கெட் இல்லாதவன் யார் என்று சொல்லிவிடுவாராம். “டிக்கெட் இல்லாதவன் ஜன்னல் பக்கம் பார்ப்பான் சார். வெளியில ஒண்ணுமே இருக்காது, இருட்டா இருக்கும், ஆனாலும் பார்ப்பான்.” இதைச் சொல்லிச் சொல்லியே பாதிப் பேரை வெளியே அனுப்பியிருந்தார்.

ஆனால் என்னிடம் நடக்கவில்லை! மூன்று பேர் என்றதும் நான் அந்த அத்தியாயத்தைக் கையில் எடுத்துவிட்டேன். கையில் ஏழும் இரண்டும். அதைவிட மட்டமான சீட்டு கிடையாது. அள்ளிப் போட்டேன். இருதயராஜ் என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை, அவர் மூக்கையே பார்த்தேன். மடக்கினார்! அடுத்த தடவை ஒன்பதும் மூன்றும். அள்ளிப் போட்டேன். மடக்கினார்! நான் அந்த ஒன்பதையும் மூன்றையும் திருப்பிக் காட்டினேன். காட்ட வேண்டியதில்லை. ஆனால் காட்டாமல் இருக்க முடியவில்லை சம்பந்தி. உடம்பெல்லாம் கிச்சுக்கிச்சு மூட்டின மாதிரி இருந்தது. அவர், “யோவ் ஜம்புநாதா, இத வச்சுக்கிட்டா என்னை மடக்க வச்சே?” என்றார். மேஜையைச் சுற்றி ஒரே கைதட்டல். இத்தனை வருஷம் புள்ளிவிவரம் திரட்டினேன், ஒருவர்கூடக் கைதட்டியதில்லை.

சுகுணா போட்டால் மட்டும் நான் உடனே மடக்கிவிடுவேன். அவள்தான் சீட்டு இல்லாமல் போட மாட்டாளே. இருதயராஜ் அப்படி இல்லை. பொம்பளைதானே என்று நினைத்தாரோ என்னவோ. சுகுணா திடீரென்று தட்டைக் கவிழ்த்தாள். சடசடசட. அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

“டீச்சரம்மா, எங்கிட்டயேவா? டிக்கெட் இல்லாம ஏறிட்டீங்க போலிருக்கே.”

“பாருங்களேன்” என்றாள் இவள்.

அவரும் கவிழ்த்தார். இவள் திருப்பினாள். இரண்டு ராஜா! நடுவில் திறந்த ஐந்தும் அவருக்கு உதவவில்லை. அவ்வளவுதான், மனிதர் வெளியே. நான் எழுந்து நின்று சொன்னேன்: “நான் முதலிலேயே சொன்னேன், இவளுக்குப் பொய் வராது!” சுகுணா கடலையைத் தன் பக்கம் இழுத்து, கறுப்பைத் தனியாக, வெள்ளையைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டாள்.

ஆக, மேஜையில் இப்போது இரண்டே பேர். கணவன், மனைவி. ஊர் முழுக்கச் சுற்றி நிற்கிறது.

இரண்டு பேர் மட்டும் என்றால் கட்டாயக் கடலை ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரிடமிருந்தும் போகும். காத்திருக்க வழியே இல்லை. அடித்துத்தான் ஆட வேண்டும். எனக்குத் தெரியாதா? நான்தானே சொல்லிக்கொடுத்தேன்! ஆனால் பாருங்கள், என் கெட்ட நேரம். அவளுக்கு வந்த சீட்டு அப்படி. ஒவ்வொரு தடவையும் நல்ல சீட்டு! போடுவாள், நான் மடக்குவேன். மறுபடி சீட்டு. போடுவாள், மடக்குவேன். வரிசையாக இத்தனை தடவை ஒருவருக்கு நல்ல சீட்டே வருவது கோடியில் ஒன்று. புள்ளியியல்காரன் சொல்கிறேன், நான் கேள்விப்பட்டதே இல்லை. அதை நேரில் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“என்னங்க, போடுறீங்களா, மடக்குறீங்களா?”

“மடக்குகிறேன்.”

“இப்போ?”

“மடக்குகிறேன்.”

டாக்டர் ஹசீனா, “சார், நான் சீட்டைக் கொடுக்கணுமா, இல்ல நேரா அவங்ககிட்டயே கடலையைத் தள்ளிடட்டுமா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆட்டம் தெரியாதவர்கள். மடக்குவதற்குத்தான் சம்பந்தி அதிகத் திறமை வேண்டும்.

ஒரு தடவை அவள் கடலையைப் போட்டுவிட்டு ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இருதயராஜ் பின்னாலிருந்து என் தோளைக் கிள்ளினார். “சார், ஜன்னல்! ஜன்னல்!” என்று காதில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே கொடியில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. அதைத்தான் பார்க்கிறாள். குடும்பம் நடத்துகிறவனுக்கு இதெல்லாம் தெரியும். டிக்கெட் கேட்டுக்கொண்டே திரிந்தவருக்கு எப்படித் தெரியும்? மடக்கினேன்.

என்ன சுகுணா, ஹாரன் எதற்கு? ஆட்டோவா? போகட்டும் விடு.

இப்போது அந்தக் கடைசிச் சீட்டுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். என் தட்டில் கடலை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. சீட்டை எடுத்துப் பார்த்தேன். இஸ்பேடு ஆஸ், கட்டிலேயே உசத்தியானது. கூட ஒரு நாலு. நல்ல சீட்டு! அன்றைக்கு வந்ததிலேயே நல்ல சீட்டு. இருந்ததில் பெரும்பகுதியைப் போட்டேன். அவளும் அதற்குச் சரியாகப் போட்டாள். டாக்டர் நடுவில் மூன்று சீட்டைத் திறந்தார். ஆஸ். இன்னொரு ஆஸ். ஒன்பது.

எனக்கு ரத்தம் காதுக்கு ஏறிவிட்டது. யோசியுங்கள் சம்பந்தி. கீழே இரண்டு ஆஸ், என் கையில் ஒன்று. மூன்று ஆஸ்! பச்சைக் கார் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிழலில் நிற்கிறது. கண்ணால் பார்த்துவிட்டேன். உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிப்பதையும் பார்த்துவிட்டேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல், இப்போதைக்கு ஒன்றும் போடவில்லை என்பதற்கு அடையாளமாக மேஜையை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன். புத்தகத்தில் இதற்குப் பொறி வைப்பது என்று பெயர்.

சுகுணா தன் தட்டை எடுத்தாள். கவிழ்த்தாள். சடசடசடசட. கடலை மேஜையிலிருந்து உருண்டு கீழேகூடப் போயிற்று. அவ்வளவு கடலை.

நான் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டேன். என் மூன்று ஆஸை எது ஜெயிக்கும்? சீட்டுக்கட்டில் ஆஸ் மொத்தம் நாலு. கீழே இரண்டு, என்னிடம் ஒன்று. வெளியே இருப்பது ஒன்றே ஒன்று. அந்த நாலாவது ஆஸ் அவளிடம் இருந்து, கூட என் நாலைவிடப் பெரிய சீட்டு ஒன்றும் இருந்தால் ஜெயிப்பாள். அல்லது இரண்டு ஒன்பது இருந்தால், மூன்று ஒன்பதும் ஒரு ஜோடி ஆஸுமாகச் சேர்ந்து ஜெயிப்பாள். வெறும் கணக்குப்படி பார்த்தால் இதற்கெல்லாம் வாய்ப்பு மிகக் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நான்தான் ஜெயிக்க வேண்டும். சாதாரண ஆள் அங்கே தட்டைக் கவிழ்த்திருப்பான்.

நான் சாதாரண ஆள் இல்லையே. கணக்கு என்பது சீட்டை மட்டும் பார்த்துப் போடுவது இல்லை. முந்தைய தகவலையும் சேர்க்க வேண்டும். கல்யாணமானதிலிருந்து என்னிடம் இருக்கிற தகவல் என்ன? இவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. கொத்தமல்லிக் கட்டு வாங்கக் கால் மணி யோசிக்கிறவள். தட்டை இப்படிக் கவிழ்க்கிறாள் என்றால், என்னிடம் ஆஸ் இருந்தாலும் ஜெயிக்கிற சீட்டு அவளிடம் இருக்கிறது. வேறு விளக்கமே கிடையாது.

இருதயராஜ் முனகினார்: “சார், டிக்கெட் இல்ல. சத்தியமா இல்ல. கேளுங்க, காட்டச் சொல்லுங்க.”

சுகுணா என்னைப் பார்த்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்: “என்னங்க, நம்புறீங்களா, இல்லையா?”

இந்தக் கேள்விக்கு ஒரு மனிதன் என்ன பதில் சொல்ல முடியும்? மடக்கினேன்.

மூன்று ஆஸை மடக்கினேன் சம்பந்தி! உலகத்தில் எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்? எல்லாருக்கும் தெரியட்டும் என்று ஆஸைத் திருப்பிப் போட்டேன். டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். இருதயராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு வராந்தாவுக்கே போய்விட்டார். சுகுணா தன் இரண்டு சீட்டையும் அப்படியே கட்டுக்குள் செருகிவிட்டு, குனிந்து, கீழே உருண்ட கடலையைப் பொறுக்க ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் மேஜைக்கு அடியிலேயே இருந்தாள். தோள் குலுங்கியது. பாவம், என் காரை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தேன்.

அப்புறம் என்ன? என் தட்டில் மிஞ்சியது கட்டாயக் கடலைக்கே சரியாக இருந்தது. அடுத்த ஆட்டத்தில் சீட்டைப் பார்க்காமலே உள்ளே போனேன். அவளுக்கு ஒரு ஜோடி எட்டு விழுந்தது. முடிந்தது. மறுநாள் அத்தனை கடலையையும் ஊறப்போட்டு, தேங்காய் துருவிப் போட்டு, எல்லா வீட்டுக்கும் சுண்டல் கொடுத்தாள். என் கடலையை நானே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வீடுகளுக்குள் பலகாரம் மறுபடியும் நடமாட ஆரம்பித்தது.

பச்சைக் காரைக் கொண்டுபோன அன்று எனக்குத் தலைவலி. அறையில் படுத்திருந்தேன். சத்தம் மட்டும் கேட்டது.

இந்தக் கார் வந்த முதல் வாரமே என்னைத் தரங்கம்பாடிக்கு அழைத்துக்கொண்டு போனாள். அவளுக்குக் கடல் பார்க்க வேண்டும் என்று ரொம்ப காலமாக ஆசை. பச்சைக் கார் சரியானதும் போவோம் என்று நானும் ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போகிற வழியெல்லாம் நான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கடற்கரையில் இரண்டு பேரும் வேகவைத்த சோளம் தின்றோம். அவள் புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு தண்ணீரில் நின்று சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பஸ்ஸிலாவது முன்பே வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம் கும்பகோணம் போனோம், கொல்லிமலை போனோம், போன வாரம் சும்மா ஒரு காபி குடிக்கப் புதுக்கோட்டை போனோம்.

இதோ காவிரிப் பாலம். தண்ணீர் நிறையப் போகிறது பாருங்கள்.

என்ன கேட்டீர்கள்? அந்தக் கடைசிச் சீட்டு என்ன என்று கேட்டேனா? கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? மடக்கியவனுக்குக் கேட்கும் உரிமை கிடையாது, அது விதி. தவிர எனக்குத் தெரிந்ததுதானே. சரி, உங்களுக்காகக் கேட்கிறேன். இனிமேல் நீங்களும் குடும்பம். சுகுணா, சம்பந்தி கேட்கிறார், சொல்லேன். அன்றைக்குக் கடைசியாக என் மூன்று ஆஸை மடக்க வைத்தாயே, உன் கையில் என்ன இருந்தது?

என்ன?

கேட்டுக்கொண்டீர்களா சம்பந்தி? ரெண்டு ஆஸ்! கையில் ரெண்டு ஆஸ் வைத்திருந்தாளாம்! கீழே ரெண்டு, இவளிடம் ரெண்டு, ஆக நாலு ஆஸ்! என் கையில் இருந்த ஒற்றை ஆஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்க முடியும்? அந்த இருதயராஜ் இன்றைக்கும் என்னை முட்டாள் என்கிறார். வீடு போனதும் முதல் வேலை அவரைக் கூப்பிட்டு இதைச் சொல்வதுதான். நான் மடக்கியது சரி! நூற்றுக்கு நூறு சரி! எனக்குக் காரே பறக்கிற மாதிரி இருக்கிறது சம்பந்தி!

என்ன இது, எதற்கு விரலை மடக்கி மடக்கி எண்ணுகிறீர்கள்? சுகுணா, நீயும் எதற்கு இப்படிச் சிரிக்கிறாய்? கண்ணெல்லாம் தண்ணீர். வண்டியை ஓரமாக நிறுத்து. நிறுத்திவிட்டு நிம்மதியாகச் சிரி. எனக்கும் சந்தோஷம்தான்.